காத்தாயி வைத்த கால்

காத்தாயி தாய் வயிற்றிலிருந்து காலை முன்னே நீட்டிக்கொண்டு பிறந்தவள். அவள் தலை வெளியே வருவதற்குள் தாய் செத்துப் பிழைத்தாளாம். அப்படிப் பிறந்தவர்களின் பாதத்துக்கு ஒரு வரம் உண்டு என்று நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டங்களில் எல்லோரும் நம்பினார்கள். முதுகில் பிடிப்பு விழுந்தவர் வாசற்படியில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். காலால் பிறந்தவள் தன் இடது பாதத்தால் அந்த இடத்தை மூன்று முறை மிதித்துவிட வேண்டும். பிடிப்பு விட்டுப் போகும்.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. மழையில் ஊறிய கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டு மலையேறி இறங்கும் பெண்களுக்கு முதுகுப் பிடிப்பு சளிக்காய்ச்சல் மாதிரி, வந்து வந்து போகும். அதனால் காத்தாயியின் வாசலில் விடியும் முன்பே யாராவது ஒருத்தி குப்புறக் கிடப்பாள்.

"மெதுவா வைடி. போன தடவை களம் மிதிக்கிற மாதிரி மிதிச்சே."

"கத்துனியா இல்லியா?"

"கத்தாம? உசுரே போயிருச்சு."

"கத்துனா விட்டுப்போச்சுன்னு அர்த்தம். எந்திரிச்சுப் போ, பெரட்டுக்கு நேரமாச்சு."

கத்தினால் விட்டுப்போயிற்று. அதுதான் காத்தாயி தன் வித்தையில் கண்டுவைத்திருந்த ஒரே சட்டம். ஒருமுறை பெரிய கங்காணியே தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு அவள் வாசலில் படுத்தார். "நம்மளையெல்லாம் கங்காணி மிதிக்கிறாரு. கங்காணியை மிதிக்க இவ ஒருத்திதான் பொறந்திருக்கா" என்று கூலியாட்களின் குடியிருப்பு வரிசையான லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. காத்தாயியும் சிரித்தாள். குளிக்கும்போது அந்த இடது பாதத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துக் கழுவினாள். பெருமை என்பது அப்படித்தான், யாரும் பார்க்காத இடத்தில் குடிவந்து உட்கார்ந்துகொள்கிறது.

லயத்தின் அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், இராக்கம்மா இருந்தாள். காத்தாயியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஒரு விஷக்காய்ச்சல் அவள் புருஷனைக் கொண்டுபோயிற்று. அவளை விட்டுவிட்டுப் போனாலும் அவள் காதுகளை எடுத்துக்கொண்டு போயிற்று. பேச்சு மட்டும் மிச்சம். எதிரே நின்று வாயைத் திறந்து மெதுவாகச் சொன்னால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். காத்தாயியின் உதடுதான் அவளுக்கு நன்றாகப் புரியும்.

காது போன ஒருத்தி தோட்டத்தில் பிழைப்பது எப்படி? இருட்டு பிரியும் முன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, தப்புப் பறை அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்து வரிசையில் நிற்காதவளுக்கு அன்றைக்கு வேலையில்லை, சோறில்லை. இராக்கம்மாவுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சொன்னது ஒரு நாய். செந்நிறம், ஒரு காது மடிந்தது, பெயர் செவலை. யாரும் பழக்கவில்லை. தப்பு முழங்கியதும் அவள் போர்த்தியிருக்கும் கம்பளியைப் பல்லால் கவ்விப் பின்பக்கமாக இழுக்கும். அவள் எழுந்து உட்காரும்வரை விடாது.

"புருஷன் இருந்தப்பகூட இப்படி எழுப்பினதில்ல" என்பாள் இராக்கம்மா. "அது அவனை நான் எழுப்பின காலம்."

ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை, காட்டுப்பன்றியை விரட்டிக்கொண்டு ஓடிய செவலை வண்டிப்பாதைக் கற்கட்டிலிருந்து வழுக்கி, மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. தானே எழுந்து நடந்து வந்தது. மறுநாள் விடியலில் தப்புச் சத்தம் கேட்டதும் வழக்கம்போலக் கம்பளியையும் இழுத்தது. ஆனால் இழுத்து முடித்ததும் முனகியது.

காத்தாயிக்கு அன்று குளிர்காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. இராக்கம்மா கூடையை மாட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, செவலைக்கு என்னமோ சுகமில்ல. படுத்தே கெடக்கு. கொஞ்சம் பாத்துக்க."

"நீ போ புள்ள. நான் பாத்துக்கிறேன்" என்று உதட்டை விரித்துச் சொன்னாள் காத்தாயி.

வெயில் ஏறியபின் போய்ப் பார்த்தாள். செவலை நின்றுகொண்டிருந்தது. முதுகு வில்லாக மேலே வளைந்திருந்தது. தட்டில் சோறு இருந்தும் குனிந்து தின்ன முடியாமல் வெறுமனே பார்த்தது. வயிற்றைத் தொட்டால் பலகையாக இறுகிக் கிடந்தது. நடக்கச் சொன்னால் பின்காலைத் தூக்கி வைக்காமல் இழுத்தது. நகம் மண் தரையில் சர்ரென்று கோடு போட்டது. இந்த நிற்பை, இந்த மூச்சடக்கலை காத்தாயி எத்தனை பெண்களிடம் பார்த்திருக்கிறாள். இது பிடிப்பேதான் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது.

சாயந்திரம் இராக்கம்மா வரும்போது செவலை துள்ளிக்கொண்டு ஓடவேண்டும். "யாரு அக்கா சொகமாக்கினது?" என்று அவள் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியைக் காதால் கேட்கும் ஆசைதான், ஐயோ, அந்த ஆசைதான்.

நாயின் முன்னங்கால்களைப் பிடித்து வாசற்படிவரை இழுத்து வந்து குப்புறக் கிடத்தினாள். இடது குதிகாலை மெல்ல வைத்தாள். செவலை வீறிட்டது.

"ஆ, விட்டுப்போச்சு பாத்தியா" என்றாள் காத்தாயி.

செவலை தலையைத் திருப்பி அவள் பாதத்தை நக்கியது. நன்றி சொல்கிறது என்று அவள் நினைத்தாள். வேண்டாம் என்று கையில்லாத ஜீவன் வேறு எப்படிச் சொல்லும்? அது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. இரண்டாம் முறை கொஞ்சம் பாரத்தையும் சேர்த்து மிதித்தாள். பாதத்துக்கு அடியில் ஏதோ ஒன்று இடம் மாறி நழுவிப் போனது. செவலை இந்த முறை கத்தவில்லை. மூன்றாம் மிதியை அவள் வைக்கவே இல்லை.

வெகு நேரம் கழித்து அது எழுந்திருக்கப் பார்த்தது. முன்பாதி எழுந்தது. பின்பாதி, அது தன்னுடையதே இல்லை என்பதுபோலத் தரையில் கிடந்தது. காத்தாயி அதை மறுபடி உள்ளே இழுத்துப்போய்ச் சாக்கில் கிடத்தினாள். தன் காம்பராவுக்குப் போய்ப் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மாலையில் இராக்கம்மா போட்ட அலறல் அந்த லயம் முழுக்கக் கேட்டது. அலறியவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

காத்தாயியின் புருஷன் வீரய்யா ஓடிப்போய் யேசுரத்தினத்தைக் கூட்டி வந்தார். யேசுரத்தினம் துரை பங்களாவில் வேட்டை நாய்களைப் பராமரிப்பவர். பன்றி கிழித்த நாய்களையும் மரைமான் உதைத்த நாய்களையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. வந்தவர் முதலில் நாயைத் தொடவில்லை. சுற்றி வந்து, உட்கார்ந்து பார்த்தார். பின்பாதத்தை மடக்கி, புறங்கால் தரையில் படும்படி வைத்தார். செவலை அதைத் திருப்பி வைத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்கில் அழுத்திக் கிள்ளினார். கால் மட்டும் லேசாக இழுத்துக்கொண்டது.

"கால் இழுத்துக்கிறது பெரிசில்ல" என்று இன்னும் பலமாகக் கிள்ளினார். செவலை தலையைத் திருப்பி அவர் கையைக் கவ்வ வந்தது.

"என்னங்க, கடிக்குது?" என்றார் வீரய்யா.

"கடிக்கட்டும்யா. அதுதான் நல்ல சேதி. வலி தலைக்கு எட்டுது. எட்டாம இருந்தா நான் இப்பவே எந்திரிச்சுப் போயிருப்பேன்."

பிறகு கேட்டார்: "விழுந்தப்புறம் நடந்துச்சா?"

"நடந்துச்சு. காலையிலகூட நின்னுச்சு" என்றார் வீரய்யா.

"அப்ப விழுந்ததுல முதுகு முழுக்கப் போகல. அடங்கிக் கெடக்க விட்டிருந்தா தேறியிருக்கும். அதுக்கப்புறம் என்னமோ முதுகை அழுத்தியிருக்கு, இல்ல முறுக்கியிருக்கு. யாராச்சும் கை வச்சீங்களா?"

போர்வையைப் போர்த்தியபடி பின்னால் வந்து நின்றிருந்த காத்தாயி தலையைக் குனிந்தாள். "காய்ச்சல்ல கெடந்தேன்" என்றாள். அது பொய்யில்லை. பொய்யில்லாத அந்த ஒரு வார்த்தையைப் போல ஒரு பெரிய பொய்யை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை.

இராக்கம்மா எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னக்கா சொல்றாரு?"

காத்தாயி அவள் பக்கம் திரும்பி, உதடு தெரியச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "விழுந்ததுக்கு அப்புறம்… முதுகுல என்னமோ ஆயிருக்காம்."

இராக்கம்மா நாயின் அருகே தரையில் உட்கார்ந்தாள். பிறகு செவலையின் தலையைத் தன் மடியோடு அணைத்துக்கொண்டாள். "நான்தான்க்கா. விடியக்காலையில கம்பளியை இழுத்துச்சே. நொந்த முதுகை வச்சுக்கிட்டு என்னை எழுப்ப இழுத்துச்சே. நான் ஒடனே எந்திரிக்கல. குளிருதுன்னு கெடந்தேன். இன்னும் இழுத்துச்சு. என் செவிட்டுக் காதுக்காக இதோட முதுகை ஒடிச்சிட்டேனே."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி காத்தாயியின் முன் வந்து நின்றது, நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

யேசுரத்தினம் சொன்னபடி பராமரிப்பு தொடங்கியது. கையால் தூக்கக் கூடாது. ஒரு பலகையை அருகில் வைத்து, அதன்மேல் உடம்பை மெல்ல நகர்த்தி, பலகையோடு எடுக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒதுக்கிய தேயிலைப் பெட்டி ஒன்று வந்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, காய்ந்த மானாப்புல்லும் சாக்கும் விரித்து, நாய் எழவோ திரும்பவோ இடமில்லாமல் அதற்குள் கிடத்தினார்கள்.

"எண்ணெய் போட்டு நீவலாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"முதுகுல ஒரு விரல் வச்சாலும் அந்த விரலை நான் எடுத்துக்குவேன்" என்றார் யேசுரத்தினம். காத்தாயி தன் இடது பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

காலையிலும் மாலையிலும் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தாள் காத்தாயி, புண் விழாமலிருக்க. சிறுநீர் தானாகப் போகாததால், அடிவயிற்றை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல மெல்ல அழுத்திப் போகவைத்தாள். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள், ஈரம் போக ஒற்றினாள். கஞ்சியைத் தட்டில் வைக்காமல் வாய் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். முதுகைத் தொடாமல் பின்னங்கால்களை மட்டும் மடக்கி நீட்டினாள்.

ஆனால் பெட்டிக்கு அருகில் அவள் ஒருநாளும் நடந்து போகவில்லை. நடந்து வந்தால், அவள் பாதத்தைக் கண்டதும் செவலையின் மடியாத காதும் மடிந்துபோகும். உடம்பு நடுங்கும். அதனால் வாசலிலேயே உட்கார்ந்து, கால்களைச் சேலைக்குள் மறைத்து, கைகளை ஊன்றி நகர்ந்து நகர்ந்து போவாள். பார்த்தவர்கள், "ஒரு நாய்க்காகத் தரையில தேஞ்சு தேஞ்சு போறாளே, இவ மனசு யாருக்கு வரும்" என்றார்கள். அந்தப் புகழ்ச்சி ஒவ்வொன்றும் அவளுக்குக் கொதிக்கிற கஞ்சியை உள்ளங்கையில் வாங்கியதுபோல இருந்தது.

இராக்கம்மாவை எழுப்பும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரைவரை போகாது. சுவருக்கு மேல் ஒரு கயிற்றைப் போட்டு, ஒரு முனையை இராக்கம்மாவின் மணிக்கட்டில் கட்டச் சொன்னாள். மறுமுனை தன் தலைமாட்டில். தப்பு முழங்கியதும் இழுப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஓர் இழுப்பு வரும்.

சில மாலைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்வாள்: "நான்தான் மிதிச்சேன் இராக்கு. நீயில்ல, நான்." சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குக் காது இல்லை என்ற தைரியம். செவலைக்குக் காது உண்டே என்பது நினைவு வந்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

நாட்கள் போயின. ஒருநாள் துடைக்கும்போது செவலையின் வால் நுனி அசைந்தது. பிறகு பின்காலில் ஓர் உதறல். யேசுரத்தினம் வந்து அகலமான சாக்குத்துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு பக்கமும் மேலே தூக்கிப் பிடித்து நடக்கப் பழக்கினார். புறங்காலால் தேய்த்துத் தேய்த்து நடந்தது, பிறகு கோணல்மாணலாகப் பாதம் பதித்தது. தை பிறந்தபோது, குடித்தவன் மாதிரி ஆடி ஆடியாவது, தானே நடந்தது.

"எங்க துரை பொங்கலுக்கு இப்படித்தான் நடந்தாரு" என்றார் யேசுரத்தினம். லயம் சிரித்தது. இராக்கம்மா சிரிக்கவில்லை.

"அண்ணே, இதை நீங்களே பங்களாவுக்குக் கொண்டு போயிருங்க" என்றாள்.

"ஏம்மா?"

"என்கிட்ட இருந்தா மறுபடி கம்பளியை இழுக்கும். இப்பவே தப்புச் சத்தம் கேட்டா பெட்டிக்குள்ள துடிக்குது. ஒருதரம் ஒடிச்சது போதும். நான் பாவி. என்னை எழுப்பி எழுப்பி இது சாகணுமா?" அவள் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. செவலை ஆடிக்கொண்டே வந்து அவள் சேலையோரத்தை முகர்ந்தது.

யேசுரத்தினம் தயங்கினார். பிறகு குனிந்து, கொண்டுபோகப் பலகையை எடுத்தார்.

அந்தப் பலகை தரையில் உரசிய சத்தத்தில் காத்தாயியின் உள்ளே ஏதோ அறுந்தது. இத்தனை மாதம் அந்த நாயின் அருகில் நடந்து வராத கால்கள் அவளை எழுப்பி நிறுத்தின. வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி இராக்கம்மாவின் எதிரே போய் நின்றாள்.

"நீ ஒடிக்கல. நான்தான்."

"என்னக்கா?"

"நான் மிதிச்சேன். நீ மலைக்குப் போனப்புறம். சொகமாகும்னு மிதிச்சேன்."

இராக்கம்மா அவள் உதட்டையே பார்த்தாள். உதடு சொன்னது புரிந்தது, ஆனால் மனம் நம்பவில்லை. "எனக்காகச் சொல்றியா? என் மனசு ஆறணும்னு சொல்றியா?"

அப்போது காத்தாயி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். இடது பாதத்தை உயர்த்தி, மிதிப்பதுபோலக் காற்றில் நிறுத்தினாள். அதைக் கண்ட செவலை ஒரு சின்னச் சத்தம் போட்டு, வலுவில்லாத பின்கால்களை இழுத்துக்கொண்டு, இராக்கம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

இனி யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. யேசுரத்தினம் பலகையைச் சுவரில் சாத்திவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். இராக்கம்மா செவலையைப் பார்த்தாள், அந்தப் பாதத்தைப் பார்த்தாள். காத்தாயியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் தப்பு முழங்கியது. காத்தாயி கயிற்றை இழுத்தாள். கயிறு கனமில்லாமல் வந்தது. இழுக்க இழுக்கச் சுவருக்கு மேலாக அதன் மறுமுனையே வந்து அவள் மடியில் விழுந்தது. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது.

காத்தாயி அந்த முனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்று இராக்கம்மா எழமாட்டாள். வரிசையில் நிற்கமாட்டாள். கங்காணி திருப்பி அனுப்புவார். அதுவும் என்னால்தான் என்று நினைத்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. நகம் தரையில் சர்ரென்று இழுபடும் சத்தம். பிறகு கம்பளி நகரும் சத்தம். நின்றது. மறுபடி நகர்ந்தது. "எந்திரிச்சிட்டேன்டா, எந்திரிச்சிட்டேன், விடு" என்றது இராக்கம்மாவின் தூக்கக் குரல்.

காத்தாயி கயிற்று முனையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதாள்.

அதன்பின் அவள் யாரையும் மிதிக்கவில்லை. கெஞ்சியவர்களுக்கும் திட்டியவர்களுக்கும், பெரிய கங்காணிக்கும் ஒரே பதில்தான்: "என் காலுக்கு இருந்த வரம் போயிருச்சு." ஆனால் சுற்றுவட்டத் தோட்டங்களில் ஒரு நாய் கற்கட்டிலிருந்து விழுந்தாலோ, வண்டிச் சக்கரத்தில் அடிபட்டாலோ ஆள் அனுப்புவார்கள். காத்தாயி ஒரு பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். போனதும், "யாரும் தொடாதீங்க" என்பதுதான் அவள் முதல் வார்த்தை.

இராக்கம்மா வெகு நாள் அவளோடு பேசவில்லை. செவலை, சாகும்வரைக்கும், காத்தாயியின் வாசலை நேராகக் கடந்ததில்லை. கானோரமாகச் சுற்றித்தான் போகும். காத்தாயி அதைப் பார்க்கும்போதெல்லாம் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, அது தாண்டும்வரை அசையாமல் இருப்பாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு விடியல். காத்தாயி கதவைத் திறந்தபோது, அவள் வாசற்படியில் இராக்கம்மா குப்புறக் கிடந்தாள். கொஞ்சம் தள்ளி, கானுக்கு அந்தப் பக்கம், செவலை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"நேத்துலேருந்து பிடிப்பு" என்றாள் இராக்கம்மா, திரும்பிப் பார்க்காமலே. "வை அக்கா. உன் காலை வை. நான்தான் சொல்றேன்."

பதில் சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. முகம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. காத்தாயி அந்த மெலிந்த முதுகைப் பார்த்தாள், தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பில் சட்டியை ஏற்றி உப்பை வறுத்தாள். துணியில் முடிந்து எடுத்து வந்து, வாசற்படியில் கால்களை மடக்கி உட்கார்ந்து, அந்தச் சூட்டை முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இராக்கம்மாவின் முதுகில் மெல்ல ஒற்றினாள்.